குதிகால் தட்டும் சத்தம்

ஆண்கள் மனநல வார்டில் அந்த ஆயா எல்லோருக்கும் பெரியக்கா. டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலையில் அவளுக்கு மூக்கு உடைந்திருக்கிறது, விலா எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. எதையும் வெளியில் சொன்னதில்லை. அடிபட்டேன் என்று சொன்னால் ஆளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பெயர் வரும். அங்கே ஆயாக்கள் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள்.

அந்த வருஷம் மாநில அரசுக்கு எதிர்பாராமல் கூடுதல் பணம் வந்தது. யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு அதிகாரி பஸ் டிப்போ, தீயணைப்பு நிலையம், ஆஸ்பத்திரி என்று சுற்றினார். வார்டு கேட்டதெல்லாம் திடமான இரண்டு ஆண் உதவியாளர்கள். அவர்கள் இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் ஒரு ஆயா சாவாள் என்று பெரியக்காவுக்குத் தெரியும்.

மூட்டைக்காரன் என்று அவர்கள் கூப்பிடும் நோயாளி ஒருவனே போதும் அதற்கு. ஒரு காலத்தில் லாரியில் மூட்டை இறக்கியவன். லாரி காத்திருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் எதிரில் நிற்பவரும் அவனுக்கு மூட்டைதான். வெறி ஏறுவதற்கு முன் இடது குதிகால் தரையில் தட்டும். அப்போதே பின்கழுத்தில் கைவைத்து, "லாரி போயிடுச்சு தம்பி, எல்லாம் இறக்கியாச்சு" என்றால் அடங்கிவிடுவான். பெரியக்கா கண்டுபிடித்த வைத்தியம் அது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், பெரியக்கா மருந்தெடுக்கப் போன நேரத்தில், மூட்டைக்காரன் ஜன்னலை நொறுக்கி, அங்கேயே ஆயாவாக இருந்த அவளுடைய நாத்தனாரின் காதைப் பாதி கடித்துத் துப்பினான். பெரியக்கா தரையைக் கழுவினாள். உடைந்த ஜன்னலை பீரோவை நகர்த்தி மறைத்தாள். அதிகாரி வந்து, "அமைதியா இருக்கே" என்று மெச்சிவிட்டுப் போனார். டிப்போவில் கண்டக்டர்கள் கட்டுப்போட்ட தலையோடு நின்றார்களாம். பணத்தில் பெரும்பகுதி அங்கே போனது.

"அழுத பிள்ளைக்குத்தான் பால், அண்ணி. நாம கொட்டாவிகூட விடல."

"நீதான் முக்காடு போட்டுக் காதை மறைச்சுக்கிட்டு நின்ன."

"மறைக்கச் சொன்னது நீங்க. மிச்சமிருக்கிற ஒன்றரைக் காதுல நல்லாவே கேட்டுச்சு."

அடுத்த மாதம் மூட்டைக்காரன் நாத்தனாரைச் சுவரில் அடித்தான். தோளெலும்பு முறிந்தது. கீழே விழுந்தவளின் கழுத்தை நெரித்தான். அவள் முகம் நீலம் பாரித்தது. பெரியக்கா எஃகு மலச்சட்டியை எடுத்து, எலும்பு நொறுங்கும்வரை அவன் மணிக்கட்டில் அடித்தாள். பிடி விட்டது. அவனுக்கும் மாவுக்கட்டு, நாத்தனாருக்கும் மாவுக்கட்டு.

மிச்சப் பணத்தோடு அதிகாரி மறுபடி வந்தார். வார்டுக்கா, தீயணைப்புக்கா என்பதுதான் பாக்கி.

"என்னம்மா, வழுக்கி விழுந்தீங்களா?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

பழக்க தோஷம், "ஆமாங்க ஐயா" என்றாள் அவள்.

அப்போது குதிகால் தட்ட ஆரம்பித்தது. அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியக்கா கைநீட்டினால் மூட்டைக்காரனின் கழுத்து எட்டும். அவள் விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள்.

மாவுக்கட்டுக் கையை உலக்கைபோல் வீசினான். அதிகாரியின் தாடை ஒருபக்கம் கோணியது. விழுந்தவரைக் காலைப் பிடித்து இழுத்துக் கட்டில் சட்டத்தில் மோதினான். பற்கள் தெறித்தன. அப்புறம்தான் பெரியக்கா அவன் பின்கழுத்தில் கைவைத்தாள். "லாரி போயிடுச்சு தம்பி." உடனே உட்கார்ந்துவிட்டான்.

வாரம் திரும்புவதற்குள் இரண்டு உதவியாளர்கள் வந்துவிட்டார்கள், கதவுபோல அகலம். அரசு அதிகாரியை அடித்ததற்காக மூட்டைக்காரனைச் சிறைக் கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள்.

காலியான கட்டிலுக்கு விரிப்பு மாற்றும்போது நாத்தனார் கேட்டாள்: "குதிகாலைப் பார்த்தீங்கதானே, அண்ணி?"

"பார்த்தேன்."

"அங்க யாரு அவன்கிட்ட லாரி போயிடுச்சுன்னு சொல்லுவா?"

"வேன்ல ஏத்தும்போது போலீஸ்காரர்கிட்ட சொல்லி அனுப்பினேன். சிரிச்சாரு." பெரியக்கா விரிப்பை உதறினாள். "நல்ல கையால அந்த மூலையைப் பிடி. சுருங்குது."