தனக்கோடி அளக்காமல் எழுதியது

1991ஆம் ஆண்டு தனக்கோடிக்கு எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் லைசென்ஸ் கிடைத்தது. கிடைத்த கையோடு அவள் செய்த முதல் காரியம் தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டதுதான். பாலிடெக்னிக்கில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தவள், ஒரு நோட்டு முழுக்கக் கிறுக்கிப் பார்த்து, ஒரே இழுப்பில் முடிந்து கீழே இரண்டு கோடு விழுகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அது இருந்தால் ஒரு கட்டிடத்துக்குக் கரண்ட் வரும், இல்லாவிட்டால் வராது. அப்படிப்பட்ட கையெழுத்துக்கு ஒரு கெத்து வேண்டாமா என்பது அவள் கட்சி.

கெத்துக்கு அவளிடம் எப்போதும் பஞ்சமில்லை. சல்வாருக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், காதுக்கு மேல் பென்சில். "காண்ட்ராக்டர் எங்கம்மா?" என்று கேட்கிற கட்டிட முதலாளியிடம், "உங்க முன்னாடிதான் நிக்கிறேன், சொல்லுங்க சார்" என்பாள். அவள் கணவர் ஷங்கருக்குத் தபால் ஆபீஸில் உத்தியோகம். வீட்டில் ஃப்யூஸ் போனால்கூட, பெண்டாட்டி வந்து பார்க்கட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்கிற மனிதர். 2004இல் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் அவளுக்கு ஆபீஸ் இருந்தது. இருபத்திரண்டு ஆட்கள், ஒரு மாருதி வேன், எல்லாவற்றையும் கட்டி மேய்க்க முனிராஜ் என்று ஒரு மேஸ்திரி.

ஆனால் முதல் இரண்டு வருஷம் அவளிடம் வேலை செய்ய ஒரு வயர்மேனும் வரவில்லை. பொம்பளைக்குக் கீழே ஏணி பிடிப்பதா என்று எல்லோரும் நழுவினார்கள். அப்போது சந்தாபுராவிலிருந்து தன் நாலு ஆட்களையும் இரண்டு ஏணிகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றவர் கோவிந்தப்பா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் அப்படி ஒரு சுத்தம். அவர் இழுத்த வயரைப் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி இருக்கும். என்ன, எழுத்துப் பரீட்சை என்றால் அவருக்கு ஜுரம் வந்துவிடும், அதனால் கடைசி வரை லைசென்ஸ் வாங்கவில்லை.

லைசென்ஸ் இல்லாதவர் வேலை முடித்தால், லைசென்ஸ் உள்ளவர் யாராவது டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் மின்வாரியத்தில் இணைப்புக் கொடுப்பார்கள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்கிக்கொள்வார்கள், கொடுப்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் எல்லோருடைய எண்ணமும். கோவிந்தப்பா தனியாக எடுத்துச் செய்த வேலைகளுக்குத் தனக்கோடி போட்டுக் கொடுத்தாள். ஃபாரத்தில் இரண்டு எண் நிரப்ப வேண்டும். வயரின் மேலுறை எவ்வளவு தாங்குகிறது என்பது ஒன்று, எர்த் கம்பி மண்ணோடு எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. எர்த் எண் குறையக் குறைய நல்லது.

"இன்னா போடட்டும்ணா?" என்பாள் அவள்.

"போன தடவ போட்டதையே போடும்மா," என்பார் அவர். இருவரும் டீ குடிப்பார்கள்.

2004 ஜனவரியில் வைட்ஃபீல்டில் பெரிய வேலை ஒன்று அவளுக்குப் படிந்தது. ஒரு மென்பொருள் கம்பெனிக்கு நாலு பிளாக், தனி டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர். பதின்மூன்று வருஷம் கடை, வீடு, கிளினிக் என்று ஓடினவளுக்கு இது வேறு உலகம். விலையெல்லாம் பேசி முடித்த பிறகு கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது: ஐந்து கோடி வரைக்கும் அம்ப்ரெல்லா பாலிசி எடுத்துவர வேண்டும், பத்து நாள் கெடு.

தனக்கோடி அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த ரூபினிதான் விளக்கினாள். சேலத்திலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு. ஒரு தாளில் சின்னதாக ஒரு கட்டம் போட்டாள்.

"இது இப்ப உங்ககிட்ட இருக்கிற பாலிசி, மேடம். உங்க வேலையால யாருக்காவது அடிபட்டாலோ, தீப்பிடிச்சாலோ அம்பது லட்சம் வரைக்கும் நாங்க கொடுப்போம். கோர்ட்ல மூணு கோடி குடுன்னு சொல்லிட்டா?"

"மிச்சத்துக்கு என் வூட்டுக்கு வருவாங்க."

"அதான். அம்பது லட்சம் முடியற இடத்துல இந்த அம்ப்ரெல்லா ஆரம்பிக்கும். அஞ்சு கோடி வரைக்கும் அது பாத்துக்கும்."

"நல்லதுதானே. எடுங்க ஃபாரத்த."

ஃபாரம் பதினாறு பக்கம். பதின்மூன்றாவது கேள்வி வரைக்கும் தனக்கோடி மளமளவென்று எழுதினாள். பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. கடந்த ஐந்து வருஷத்தில் உங்கள் லைசென்ஸில் இணைப்புப் பெற்ற கட்டிடங்கள் எல்லாவற்றையும் எழுதி, டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை இணைக்கவும் என்றிருந்தது. ஏதாவது விட்டுப்போனது பின்னால் தெரியவந்தால் பாலிசியே செல்லாது என்று கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி.

முனிராஜ் அலமாரியிலிருந்து எல்லா நகல்களையும் எடுத்து மேஜையில் பரப்பினான். அவர்களே செய்த வேலை எழுபது தேறியது. அந்த ரிப்போர்ட்டுகளில் எண்கள் ஒன்றுக்கொன்று வேறு வேறு. கட்டிடத்துக்குக் கட்டிடம் மண் வேறு, வயர் நீளம் வேறு, எண் எப்படி ஒன்றாக இருக்கும்? கோவிந்தப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தவை பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் எர்த் 0.8, எர்த் 0.8, எர்த் 0.8. ஒரு புள்ளி மாற்றமில்லை. தொழில் தெரிந்த எவனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான், இதை எழுதியவள் இடத்துக்கே போகவில்லை என்று.

"பதினொண்ணையும் எடுத்துருங்கக்கா," என்றான் முனிராஜ். "யார் வந்து எண்ணப்போறாங்க?"

தனக்கோடி அந்தப் பதினொன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் கண்டுபிடிப்பான் என்ற பயமில்லை அவளுக்கு. பதினோரு கட்டிடத்துக்குக் கரண்ட் கொடுத்தவள் தானே, அதில் ஒன்றின் வாசற்படியைக்கூடத் தான் மிதித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் வேலையில் ஒரு குறை சொல்லவிடாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவளுக்கு, அந்த 0.8 கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து நாள் இருக்கிறது, பதினொன்றையும் அளந்துவிட்டே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வயரின் மேலுறையை அளக்கிற மெக்கர் பெட்டியையும் எர்த் டெஸ்டரையும் வேனில் ஏற்றச் சொன்னாள்.

கோவிந்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் கட்டின வயர்ல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் உண்டா? பொட்டிய எடுத்துக்கினு பரீட்சை வெக்க வர்றியே."

"பரீட்சை உனக்கில்லண்ணா, எனக்கு. நான் எழுதின நம்பர் நெசமான்னு பாக்கணும்."

"நோடு, நோடு. நல்லாப் பாரு," என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறினார்.

முதல் ஆறு நாளில் பத்துக் கட்டிடம் முடிந்தது. கடை, மாடி வீடுகள், ஒரு டியூஷன் சென்டர், ஒரு மாவு மில். எந்த இடத்திலும் 0.8 வரவில்லை. 1.9 வந்தது, 3.1 வந்தது, மாவு மில்லில் 1.2 வந்தது. எல்லாம் நல்ல எண்கள், வரம்புக்குள் இருந்தன. கோவிந்தப்பாவின் முகம் கட்டிடத்துக்குக் கட்டிடம் தெளிந்துகொண்டே வந்தது. பத்தாவது இடத்தில் அவரே டெஸ்டரை வாங்கி எண்ணை உரக்கப் படித்தார். தனக்கோடிக்கும் உள்ளுக்குள் பூரிப்பாகத்தான் இருந்தது. இந்த மனிதரின் கையை நம்பியதில் தப்பில்லை என்று நினைத்தாள்.

பதினோராவது, சந்தாபுராவில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். கார்மென்ட்ஸில் தைக்கிற பெண்கள் முப்பத்தாறு பேர் தங்கியிருந்தார்கள். குளியலறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, கன்னடத்திலும் தமிழிலும்: குளிக்கும்போது ரப்பர் செருப்பு கட்டாயம்.

தனக்கோடி உள்ளே காலை வைக்கப்போனாள். அனுஷா என்கிற பெண், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை, குறுக்கே கையை நீட்டினாள்.

"அக்கா, செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க. கீசர் ஓடறப்ப குழாயத் தொட்டா சுர்ருன்னு இழுக்கும்."

"எத்தினி நாளா?"

"போன வருசம் பழைய பைப்ப எடுத்துட்டுப் பிளாஸ்டிக் பைப் போட்டாங்க. அப்பலருந்து. பழகிப்போச்சுக்கா."

தனக்கோடி நேராகப் போய் கீசருக்குப் போகும் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தாள். கம்பி மண்ணுக்குப் போகவில்லை. தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. இரும்புக் குழாய் இருந்தவரை அதன் வழியாகக் கசிவுக் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. குழாய் பிளாஸ்டிக் ஆன அன்றே எர்த் செத்துப்போனது. கீசரில் கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் கீசர் உடம்பிலும் குழாய்த் திருகிலும் நின்றுகொண்டு, யார் தொடுவார்கள் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தது. எர்த் டெஸ்டரின் முள் கடைசிக் கோட்டையும் தாண்டி ஒட்டிக்கொண்டது. அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தில் 0.8.

தனக்கோடி கதவிலிருந்த காகிதத்தைத் திரும்பப் படித்தாள். முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் தயவில் உயிரோடு இருக்கிறார்கள்.

கோவிந்தப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் பைப்புலதானே கட்டறாங்க," என்றார். பிறகு, "எர்த்துக்குக் குழி தோண்ட ஓனர் இடம் கொடுக்கல. சும்மனே பைப்புல கட்டிட்டேன்," என்றார்.

"நான் ஒருதரம் வந்து அளந்திருந்தா குழி எங்கன்னு கேட்டிருப்பேன்ணா," என்றாள் தனக்கோடி. அதற்கு மேல் அவரை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் அவளுக்கு யோக்கியதை இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

கோவிந்தப்பா எழுந்து போய் ஒரு கடப்பாரை வாங்கிவந்தார். ஆளைக் கூப்பிடவில்லை. ஹாஸ்டலின் பின்பக்கம் தானே குழி தோண்டி, இரும்புப் பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். இரண்டு நாள் ஆனது. தனக்கோடி புதுக் கீசர் மாட்டி, கசிவு வந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் துண்டிக்கிற சுவிட்ச் ஒன்றையும் போர்டில் வைத்தாள். கடைசியில் அளந்தபோது 2.4 வந்தது. கதவிலிருந்த காகிதத்தை அனுஷா கிழித்தாள்.

பத்தாம் நாள் ரூபினி ஃபாரத்தை வாங்க வந்தாள். எண்பத்தொரு கட்டிடமும் பட்டியலில் இருந்தன. தனியாக ஒரு தாளில், பதினொன்றின் பழைய எண்கள் அளக்காமல் மேஜையில் எழுதியவை, புது எண்கள் இவை என்று தனக்கோடி எழுதியிருந்தாள். ஹாஸ்டல் கதையும் அதில் இருந்தது. ரூபினி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"இதக் கொடுத்தா வைட்ஃபீல்ட் வேலையே போயிடலாம், மேடம்."

"போனா போவட்டும். பொய் எழுதி வாங்குனா அந்த பாலிசி ஒரு நாள் எனக்கு உதவாது. இன்னும் பத்து வேலை புடிப்பேன், எனக்குக் கை இருக்குது."

காப்பீட்டுக் கம்பெனியின் இன்ஜினியர் நேரில் வந்தார். மென்பொருள் கம்பெனியிடம் கெடுவை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, பட்டியலில் கண்ணை மூடி விரல் வைத்த ஏழு கட்டிடங்களையும் அந்த ஹாஸ்டலையும் தன் கருவியில் அளந்தார். முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று போனார். நாலு நாள் தனக்கோடி சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

பாலிசி வந்தது. வைட்ஃபீல்ட் வேலை கைவிட்டுப் போகவில்லை. இரண்டு நிபந்தனைகள் மட்டும் இணைத்திருந்தார்கள். இனிமேல் தன் ஆட்கள் செய்யாத எந்த வேலைக்கும் அவள் கையெழுத்துப் போடக் கூடாது. பழைய பதினோரு கட்டிடத்தில் எது நடந்தாலும் கம்பெனி ஒரு ரூபாய் தராது. அது அவள் பொறுப்பு. முதல் நிபந்தனையைக் கோவிந்தப்பாவிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் இரண்டு நாள் அவள் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வைட்ஃபீல்ட் சைட்டுக்கு வந்து, இங்கே எர்த் குழி எத்தனை என்று கேட்டார். முனிராஜ் அவர் பெயரைத் தங்கள் ஆள் பட்டியலில் எழுதிக்கொண்டான்.

இரண்டாவதைப் பற்றித்தான் ரூபினிக்கு மனசு ஆறவில்லை.

"இதுக்கும் வழி இருக்கு, மேடம். ஓனருங்ககிட்ட பேசி, அந்தப் பதினொண்ணையும் வேற காண்ட்ராக்டர் பேருக்கு மாத்திடலாம். அவர் ஒரு புது டெஸ்ட் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டாப் போதும். அப்புறம் அதுல என்ன ஆனாலும் உங்க வீட்டுக்கு யாரும் வர முடியாது. ரெண்டே நாள் வேலை, நானே ஆள் பாக்குறேன்."

தனக்கோடி பாலிசியை மடித்து மேஜை டிராயரில் வைத்தாள்.

"வேணாம்மா. அவனும் நான் பண்ண மாதிரி டீ குடிச்சிக்கினு, மேஜையில உக்காந்துதான் எழுதுவான். வருசா வருசம் நானே போய் அளந்துக்கிறேன்."