ஒரே அடுப்பு வீடு

சித்தியின் அடுப்பை மூடுவதற்கென்று ஒரு பலகை இருந்தது. உடைந்துபோன கட்டில் ஒன்றின் தலைமாட்டுப் பலகை. ஒரு பக்கத்தில் வார்னிஷ் இன்னும் மினுங்கும். மறுபக்கம் கரியேறிக் கறுத்திருக்கும். கறுத்த பக்கத்தைக் கீழே வைத்து அடுப்பின் மேல் போட்டு, நீலப் பூப்போட்ட துணியொன்றை விரித்து, அதன் மேல் அயன் பெட்டியையும் மடித்த சட்டைகளையும் வைத்துவிட்டால் அது குசினி இல்லை, துணி அயன் பண்ணும் அறை. பள்ளிக்கூடம் விட்டு சித்தி வீட்டுக்குப் போகும் நாட்களில் அந்த வேலையில் எனக்கும் பங்கு இருந்தது. முதலில் தணலில் தண்ணீர். பிறகு சோற்றுப் பானை பெரியம்மாவின் குசினிக்கு. பிறகு பலகை, துணி, அயன் பெட்டி. சுவரின் கரியை மறைக்க முருகன் படம் போட்ட பெரிய கலண்டர். கடைசியாக, தாளித்த வாசனை போக ஒரு பிடி சாம்பிராணி. இந்த வரிசை மாறினால் சித்திக்குப் பிடிக்காது. எதையும் வரிசைப்படி நினைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் செய்தோம் என்பதைச் சொல்ல, அந்தக் காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்தளை டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால் போகும் ஒரு ஒடுங்கிய லேனில், தாத்தா வாங்கிப் போட்ட சின்னத் துண்டு அது. முன்வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பிள்ளைகளும். எங்கள் அப்பா நடுப்பிள்ளை. கல்யாணத்தோடு வாடகை வீடு பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கடைசிப் பிள்ளையான சித்தப்பா, தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டியவர், முன்வீட்டின் பின்சுவரை ஒட்டி ஓர் அறையும் தகரம் போட்ட ஒரு குசினியும் கட்டினார். எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து சித்தியைக் கல்யாணம் கட்டிக் கூட்டிவந்தது அந்த அறைக்குத்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா நெஞ்சுவலியில் போன பிறகு அந்த அறையும் குசினியும் மட்டும்தான் சித்திக்கு மிச்சம்.

எங்கள் பகுதியில் அவ்வளவு சின்னக் காணியில் ஒரு வீடுதான் இருக்கலாம் என்பது விதி. ஒரு கூரையின் கீழ் இருப்பது ஒரு வீடா, இரண்டு வீடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கதவுகளை எண்ணிப் பயனில்லை; வீட்டுக்குப் பின்கதவும் இருக்கும். அதனால் குசினியை எண்ணுவார்கள். இரண்டாவது குசினி இருந்தால் அது இரண்டாவது வீடு, அனுமதியில்லாத வீடு. யாரோ ஒருவரின் முறைப்பாட்டின் பேரில் லேனில் ஒரு வீட்டின் பின்குசினியை உடைக்கச் சொல்லி ஒருமுறை நோட்டீஸ் வந்ததிலிருந்து எல்லாருக்கும் பயம். கல்யாணம் கட்டிய மகனும் மருமகளும் பின்னால் தனியாகச் சமைக்காத வீடு அங்கே இல்லையென்றே சொல்லலாம். நகர சபையிலிருந்து யாராவது மோட்டார் சைக்கிளில் லேனுக்குள் திரும்பினால், லேன் முனையில் கடை வைத்திருந்த நானா உள்ளே பார்த்து, "கேஸ் வந்திருக்கூ!" என்று ஒரு சத்தம் போடுவார். அவ்வளவுதான், பலகைகள் விழும். சமையல் கேஸுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஒருநாள் உண்மையாகவே அவர் கடைக்கு கேஸ் வந்தது. நானா கத்தினார். ஒரு ஆள் வரவில்லை. லேன் முழுக்கச் சாம்பிராணிப் புகை. "அல்லாஹ்வே, மெய்யாவே கேஸ்தான் வந்திருக்கு, வாங்களேன்!" என்று அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்ததைச் சொல்லிச் சொல்லி சித்தி கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

சிரிக்காத விஷயங்களும் இருந்தன. குழாய்த் தண்ணீரும் கரண்டும் பெரியப்பா பேரில். கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கப் போனாலும் பெரியப்பா கூட வர வேண்டும். தனக்கென்று ஒரு விலாசம் இல்லாமல், இன்னொருவர் வீட்டில் "இருக்கிறவர்" என்றே சித்தி எல்லா இடத்திலும் இருந்தார். பெரியப்பா கெட்டவர் இல்லை. தம்பி மனைவியை ஒரு சொல் அதட்டியதில்லை. ஆனால் அவர் பார்வையில் அது அவருடைய வீடு. அதில் சித்தியும் ஒருவர்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடக் கலை படித்து முடித்து, வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயத்தில்தான் சபை அந்த விதியை மாற்றுவது பற்றி யோசிக்கத் தொடங்கியது. சின்னக் காணியிலும் இரண்டு குடியிருப்புகளை அனுமதிக்கலாம், இரண்டுக்கும் தனி வாசலும் தனிக் குசினியும் இருந்தால் தனி இலக்கம் கொடுக்கலாம் என்பது முன்மொழிவு. டவுனில் காணி வாங்க வழியில்லாத குடும்பங்கள் இருக்கிற இடத்திலேயே இருக்க அது உதவும் என்று அறிவித்தலில் எழுதியிருந்தார்கள். நான் அதைப் போய்ச் சித்தியிடம் சொன்னேன். அவர் அகப்பையைப் பானையிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்குன்னு ஒரு நம்பர் போடுவாங்களா மகள்?"

"போடுவாங்க சித்தி. உங்க பேர்ல கரண்டு எடுக்கலாம். யாரும் நெனச்ச நேரத்துல வீட்ட விட்டு எழுப்ப முடியாது."

"தோட்டத்து லயத்துல எங்க ஒத்தை ரூம் காம்பராக் கதவுல நம்பர் இருந்துச்சு புள்ள. மழை பேஞ்சா உள்ள குடை பிடிக்கணும், ஆனா நம்பர் இருந்துச்சு. டவுன் மாப்பிள்ளைன்னு கட்டி வந்து அதுவும் போச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரு வந்து கேப்பாங்க? சிங்களத்துலயா கேப்பாங்க?" என்றார்.

இப்படி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று அறிய, சபையிலிருந்து சில லேன்களுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த சித்திக்குச் சிங்களம் சந்தை அளவுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிக் கொடுத்தேன். "மகே குஸ்ஸிய வெனம." என் குசினி தனி. அதைச் சித்தி அரிசி களையும்போது சொன்னார், தேங்காய் துருவும்போது சொன்னார். ஒருமுறை நான் போனபோது, "பானைக்கே சிங்களம் வந்துருச்சு மகள், எனக்குத்தான் வரல" என்றார். ஆனால் வந்திருந்தது. அழகாகவே சொன்னார். நான் லேனில் மற்ற வீடுகளுக்கும் போய், இந்தத் தடவை வருகிறவர்கள் உடைக்க வரவில்லை, எண்ண வருகிறார்கள், எதையும் மறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும், "கவுன்சில்காரன் நல்லதுக்கு நம்ம லேனுக்குள்ள வருவானா தங்கச்சி?" என்று கேட்டார்.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை. எனக்கு வேலையில்லாததால் முன்கூட்டியே போயிருந்தேன். சித்தி தலைசீவி, நல்ல சேலை உடுத்தி, சோற்றை உலையில் வைத்திருந்தார். அடுப்பு எரிவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். முன்னறையில் பெரியப்பா நாற்காலியில் இருந்தார். லேன் முனையில் சபையின் வாகனம் நின்றது. நானாவிடமும் நான் சொல்லியிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, பழக்கம் வாயை முந்திவிட்டது போலும்.

"கேஸ் வந்திருக்கூ!"

முதல் வீட்டில் தணலில் தண்ணீர் விழுந்து சீறுவது கேட்டது. பிறகு அடுத்த வீட்டில். பிறகு எதிர் வீட்டில். அந்தச் சீறல் வீடு வீடாக எங்களை நோக்கி வந்தது. நான் பின்கட்டுக்கு ஓடினேன். சித்தி தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்திருந்தார், ஆனால் ஊற்றவில்லை. என்னைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

எங்கள் வாசலுக்கு வந்தவர் என் வயதையொத்த சிங்களப் பெண் உத்தியோகத்தர். மரியாதையாகப் பேசினார். பெரியப்பா எழுந்து நின்று, அவர் கேட்பதற்கு முன்பே, "எங்க வீட்டுல ஒரே அடுப்புதான் மிஸ்" என்று சிங்களத்தில் சொன்னார். வரி கூடும் என்ற பயம் அதில் இருந்தது. தம்பி செத்ததும் தம்பி மனைவியைத் தனியே ஒதுக்கிவிட்டான் என்று ஊர் பேசிவிடுமோ என்ற கூச்சமும் இருந்தது. நான், "இல்லை மிஸ், பின்னால் தனிக் குசினி இருக்கிறது, இவர் தனியாகத்தான் சமைக்கிறார்" என்றேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சித்தி சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். கெஞ்சுகிற பார்வை அது. அந்தப் பெண் சித்தியிடம் திரும்பி, "அம்மாவின் குசினி எங்கே?" என்று கேட்டார்.

சித்தியின் உதடுகள் 'மகே'யின் 'ம'வுக்குச் சேர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "ஒக்கோம எகட்ட மிஸ்" என்றார். எல்லாரும் ஒன்றாகத்தான். அந்த லேனுக்கு வந்த நாளிலிருந்து சபை ஆட்களிடம் சொல்லிப் பழகிய வசனம். அதற்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. என் தோளைத் தட்டி, "இவ சும்மா விளையாடுறா" என்றும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் சொல்வதைத்தான் அந்தப் பெண் எடுத்துக்கொள்ள முடியும். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பின்கட்டில் சோறு குழைந்து போயிருந்தது. சித்தி கஞ்சியை வடிக்க முடியாமல் அதைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவராகவே, "வெளி ஆள் முன்னால அவரு பேச்சைப் பொய்யாக்கச் சொல்றியா மகள்?" என்றார். கிண்டுவதை நிறுத்திவிட்டு, "அந்த மிஸ் போயிருவா. நான் இங்கதானே இருக்கணும்" என்றார்.

எங்கள் லேனில் இரண்டாவது குசினி ஒன்றுகூட அகப்படவில்லை. மற்ற லேன்களிலும் பெரிதாக எதுவும் அகப்படவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். அப்படியொரு தேவை தெரியவில்லை என்று சபை அந்த முன்மொழிவைத் தள்ளி வைத்தது. செய்தி வந்த அன்று நானா கடை வாசலில் லேன்காரர்கள் கூடி நின்று, ஏழைபாழைகளைப் பற்றி எவனுக்குக் கவலை என்று சபையை ஏசினார்கள். நானாவும் சேர்ந்து ஏசினார்.

பெரியப்பாவின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பின்கட்டை உடைத்து அவனுக்கு அறையும் குளியலறையும் கட்டுவதென்று முடிவாகியது. அதற்கு முறையாகவே பிளான் போட்டார்கள். ஒரு வீட்டில் இன்னோர் அறை கூடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. சித்தியை யாரும் போகச் சொல்லவில்லை. முன்னறையில் படுத்துக்கொள்ளலாம், எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடலாம் என்றார்கள். கொஞ்ச காலம் அப்படி இருந்தார். பசித்தாலும் பெரியம்மா கூப்பிடும்வரை குசினிப் பக்கம் போக மாட்டார் என்று அம்மா சொன்னார். பிறகு ஒருநாள் பானைசட்டிகளை உரப்பையில் கட்டிக்கொண்டு எல்கடுவை பஸ் ஏறிவிட்டார். அங்கே அண்ணன் குடும்பம் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த காம்பராவில் ஒரு மூலை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், தேயிலை மலையிலிருந்து அண்ணி திரும்பி வந்து தேத்தண்ணி வைக்கும்வரை என்னைப் போக விடமாட்டார். தானே எழுந்து வைக்கவும் மாட்டார். அடுப்பு அண்ணியுடையது. "சபையில ஏதாவது பேசுறாங்களா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்பார்.

இப்போது பேசுகிறார்கள். அந்தத் திருத்தம் மீண்டும் சபைக்கு வந்திருக்கிறது. வரைபடம் போடுகிறவர்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். மேசைமுன் உட்கார்ந்து அதை எழுதும்போதுதான் சித்தி நினைவு வந்து, அந்த வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். இன்றும் என்னிடம் பிளானுக்கு வருகிறவர்கள், பின்னால் இருக்கும் அறையைக் காட்டி, "இதுக்கு ஸ்டோர்னு போடுங்க மிஸ்" என்கிறார்கள். அந்த அறைக்குள் யார் என்று நான் கேட்பேன். மருமகள் என்பார்கள், தங்கச்சி என்பார்கள். ஆனால் சபையில் பேசுகிறார்களா என்று சித்தி இனிக் கேட்க மாட்டார். போன மாரிக் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

அன்று காலை எல்கடுவையிலிருந்து போன் கோல் வந்ததும், பெரியப்பா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முதலில் அங்கே போனேன். செத்தவர் எந்த வீட்டு ஆளோ அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்துதான் சாப்பாடு வரும். நான் உள்ளே போனபோது பெரியம்மா அடுப்படியில் நின்றார். அழுது முகம் வீங்கியிருந்தது. அது பொய்யழுகை இல்லை. அடுப்பில் சோறு கொதித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பேரப்புள்ளைக்குப் பசிக்குமே மகள். இந்த அடுப்பை அணைக்கணும்னு இல்ல. அவ இங்க இருந்தப்பவே தனி அடுப்புதானே."

சித்தியின் அடுப்பு தனி என்று முன்வீட்டுக்காரர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முன்னறை நாற்காலியில் பெரியப்பா இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். "இல்லை, ஒரே அடுப்புதான்" என்று அவர் சொல்லவில்லை.