கூண்டில் நின்று நான் சொன்ன சாட்சி

ராஜபாளையம் சந்தையில் ஒருவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். முகம் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் கான்ஸ்டபிள், சுமை தூக்கும் மைதீனைக் காட்டி, "இவன்தானல?" என்று கேட்டதும் எனக்கும் அப்படியே தோன்றிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மைதீன்தான் திருடினார் என்று அடித்துச் சொன்னேன். மைதீனின் வக்கீல் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். "உங்ககிட்ட சத்தியம் வாங்கின கோர்ட் சேவகர் தலைப்பாகை என்ன நிறம்?"

"சிவப்பு."

திரும்பிப் பார்த்தேன். சேவகர் வெறுந்தலையோடு நின்றார்.

மைதீன் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, நெசமாவே என்னையவா பாத்திய?"

"தெரியலய்யா," என்றேன். அவரை விடுவித்தார்கள்.

நான் பொய் சொல்லப் போகவில்லை; பார்த்ததாகவே நம்பித்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றும் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கிறது.