ஹீற் மீற்றருக்கு ஊற்றிய தேத்தண்ணி

வாகன மீற்றர் திருத்துவதைத் தவிர யோகநாதனுக்கு வேறொரு தொழிலும் தெரியாது. யுத்தம் நடந்த தொண்ணூற்றேழாம் ஆண்டில் அவரும் மனைவி நேசமலரும் தலைநகரின் வெள்ளவத்தையில் ஒற்றை அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். தமிழரென்றால் வெளியே சோதனைச்சாவடி, உள்ளே இருந்தால் சுற்றிவளைப்பு. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சொன்னவன், அந்த நாளில் காலிக்குப் போகும் வீதியால் நடந்து பார்த்தவனில்லை.

கொட்டாஞ்சேனை நிலாம், தன் வாப்பா காலத்து ஒஸ்ரின் பிக்கப்பைப் புதுப்பிக்கப் புறப்பட்டு, அதன் டாஷ்போட் மீற்றர்களை இவரிடம் கொடுத்திருந்தார். அழிந்த இலக்கங்களையெல்லாம் யோகநாதன் மெல்லிய தூரிகையால் எழுதி முடித்துவிட்டார். மிச்சம், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீற் மீற்றர். வட்ட முகம், முள், பின்னால் சுருள் சுருளாகச் செம்புக்குழாய், அதன் நுனியில் ஒரு குமிழ். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சுற்றிவளைப்பில் வந்த பொலிஸாருக்கு அது குண்டு. மீற்றரையும் ஆளையும் சேர்த்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை, ஆள் பிடிபட்ட மற்ற வீட்டுப் பெண்களைப்போல நேசமலரும் பிளாஸ்கில் பால் விடாத சுடு தேத்தண்ணியோடு ஸ்டேஷனில் போய் நின்றாள். இன்ஸ்பெக்டரின் மேசையில் மீற்றர் கிடந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

"அழாதையும். பிளாஸ்கை இஞ்சை தாரும்," என்றார் மேசைக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருந்த யோகநாதன்.

இரவு முழுக்க நாக்கு வறண்டு கிடந்த மனிதர் ஒரு மிடறு குடிக்கவில்லை. தேத்தண்ணியை மூடியில் ஊற்றி, இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் உத்தரவு கேட்டு, குமிழை அதற்குள் அமிழ்த்தினார். முள் அசையவில்லை. பிறகு முள் மெல்ல எழும்பி, முக்கால்வாசி தூரம் ஏறி நின்றது.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். எங்கள் ஜீப்பிலும் ஒரு மீற்றர் வேலை செய்வதில்லை, அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லி, ஆளை விட்டார்.

நிலாமின் பிக்கப் மாப்பிள்ளை மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது. ஜீப்தான் விட்டபாடில்லை. ஒருநாள் பழுதான மீற்றரோடு வரும், ஒருநாள் ஆள் ஏற்ற வரும். கதவைத் திறக்கும்வரை எதற்கென்று தெரியாது.

"வேற எங்கையாவது போவமப்பா," என்றாள் நேசமலர்.

"போனா, மீற்றர்காரன் ஏன் ஓடினவன் எண்டு தேடுவாங்கள்."

அதற்குப் பிறகு அவள், வாசலோரத்து ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால் நேரே கதவடிக்குப் போகமாட்டாள். முதலில் பிளாஸ்கை நிரப்பி, மூடியை இறுக்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறப்பாள்.