தபால்காரன் கூப்பிட்ட கலியாணம்

போன சனிக்கிழமை ஒரு துறவிகள் மடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். பூசணிக்காய் சூப், மடத்திலேயே சுட்ட பாண் ரொட்டி, தோட்டத்து ஆப்பிள்...

உடனே பயந்துவிடாதீர்கள். சந்நியாசம் வாங்கப் போகவில்லை. வயிற்றைக் கட்டச் சொன்னால் கட்டுவேன், வாயைக் கட்ட என்னால் ஆகாது என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

போனது மருமகளுக்காக. அண்ணாவின் மகள் தர்ஷினிக்கு அடுத்த மாதம் கலியாணம். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. கலியாண மண்டபமாக ஒரு ஹோல் கிடைத்துவிட்டது, ஐயர் கிடைத்துவிட்டார், கூறைச் சேலைகூட வந்துவிட்டது. கிடைக்காதவர் ஒரே ஒருவர்தான் — என் கணவர்!

இவரும் அண்ணாவும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவர்கள். அண்ணாவின் சிநேகிதன் என்றுதான் இவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வந்தவர் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்டவர்கள் பிரிந்தது காணிக்காக இல்லை, காசுக்காகவும் இல்லை. பொங்கலுக்காக.

மெல்போர்னில் தைப்பொங்கல் எப்போது வரும்? ஹோல் கிடைக்கிற சனிக்கிழமைதான் வரும். அந்த வருடம் எங்கள் சங்கத்துக்கு அண்ணா தலைவர், இவர் செயலாளர். தை பிறப்பதற்கு முந்திய சனிக்கிழமைதான் ஹோல் கிடைத்தது. அண்ணா புக் பண்ணிவிட்டார். பானை அடுப்பில் இருக்க, இவர் மைக்கைப் பிடித்தார்.

“மார்கழியிலை பொங்கினா அது பொங்கல் இல்லை. சக்கரை போட்ட சோறு!”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, நெஞ்சாரச் சொன்னார். அதுதான் இவரோடு பிரச்சினை. ஒரு குருவிகூட இல்லாத சந்தியிலும் சிவப்பு லைட்டுக்குக் காரை நிறுத்திவிட்டுப் பச்சை விழும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். சட்டம் என்றால் சட்டம், முறை என்றால் முறை. அண்ணா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அன்றோடு சரி.

இப்போது கலியாண கார்டு வந்தது. எப்படி வந்தது? தபாலில் வந்தது. பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் இருக்கிற சொந்த அண்ணா, சொந்த மச்சானுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்.

இவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“கார்டு கிடக்குத்தானே?”

“அது தபால்காரன் தந்தது. கலியாணம் தபால்காரன் வீட்டிலையோ?”

நம்முடைய சனத்துக்கு இது புதிதா? ஆயிரம் கார்டு அச்சடிக்கலாம், தங்க எழுத்தில் அச்சடிக்கலாம். வாயால் சொல்லாத கலியாணத்துக்கு நாங்கள் போகமாட்டோம். இவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் ஆத்திரம்.

அண்ணாவுக்கு போன் பண்ணினேன். “அவர் என்ன மந்திரியோ, நான் வெத்திலை வைச்சுக் கூப்பிட?” என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. வாசலில் வந்து நின்று, இவர் கதவைத் திறக்காவிட்டால்? அந்தப் பயம்.

தர்ஷினி என்னிடம் வந்து அழுதாள். அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் இவர்தான். எங்கள் லெட்டர் பாக்ஸை அவள் இடித்து விழுத்தியபோதுகூட, “முதலிலை இண்டிகேட்டரைப் போட்டிட்டு இடிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னவர். “மாமா வராட்டி எனக்கு மணவறையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரேஷன் போதும். ஐ'ம் சீரியஸ், மாமி.”

பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். ஒரு வேன் எடுத்துக்கொண்டு, மேற்கே கிராமப் பக்கம் ஒரு நாள் பயணம். பழைய தேவாலயங்கள், எரிமலை வாயில் நிரம்பிய ஏரி, கடைசியாக ஒரு துறவிகள் மடம். “கலியாணத்துக்கு முதல் என்ரை ஃபமிலியோடை ஒரு நாள்” என்று இரண்டு வீட்டிலும் கேட்டாள். கலியாணப் பெண் கேட்டால் யாரால் மறுக்க முடியும்?

ஆக, ஐந்து பேர் புறப்பட்டோம். தர்ஷினி ஓட்ட, பக்கத்தில் அண்ணா. நடுவில் நானும் அண்ணாவின் மனைவியும், அதாவது என் மச்சாள். கடைசி வரிசையில் இவர்.

வேனுக்குள் என் வேலை என்ன தெரியுமா? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

“அந்த மனுசனிட்டைச் சொல்லு, யன்னலைச் சாத்தச் சொல்லி. காத்து அடிக்குது” — பின்னாலிருந்து இவர்.

“அந்த ஆளிட்டைச் சொல்லு, எனக்குத் தலை சுத்துது. காத்து வேணும்” — முன்னாலிருந்து அண்ணா.

இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு.

முதலில் ஒரு சின்ன ஊரில் கருங்கல் தேவாலயம். பொன் தோண்ட வந்தவர்கள் கட்டியதாம். மச்சாள் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். அங்கே பூ அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா பதறிப்போய், தரை ஐஸ் மாதிரி இருக்குமே, போட்டுக்கொண்டே வாருங்கள் என்றார். மச்சாள் சிரித்துக்கொண்டு தலையாட்டினார், போடவில்லை. அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு குனிந்து தன்னுடைய சப்பாத்தையும் கழற்றிவிட்டார்! இரண்டு பேரும் குளிரில் துள்ளித் துள்ளி உள்ளே போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மச்சாள் யாழ்ப்பாணத்தில் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவர். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு. இரண்டு பேருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. இங்கேயும் அந்தோனியாரைத் தேடினார். காணவில்லை.

“பரவாயில்லை, இருக்கிற ஆளிட்டைச் சொல்லுவம்” என்று ஒரு திரியை ஏற்றினார். எதற்காக என்று நான் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நானும் அதையேதான் கேட்டேன்.

அங்கிருந்து ஏரிக்குப் போகிற வழியெல்லாம் மஞ்சள். எண்ணெய்க்குப் பயிரிடுகிற கனோலா பூத்துக் கிடக்கிறது. வயலுக்கு வயல் நடுவே, சீமெந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய வேலி. மேலே ஏறி நின்றால் கிண்ணம் போன்ற மலைக்குள் கரும்பச்சைத் தண்ணீர். இப்படி ஒரு இடத்தை மூன்று மணி நேர ஓட்டத்தில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் சனிக்கிழமைகளை ஷாப்பிங் சென்டரில் கரைத்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணா ஒரு மரத்தடியில் நின்றார். இவர் வேறொரு மரத்தடியில் நின்றார். இருவரும் ஏரியைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு கங்காரு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கும் விளங்கிவிட்டது போல!

மடத்துக்குப் போகும்போது பசி கிள்ளத் தொடங்கிவிட்டது. கல் கட்டடம், மணிக்கூண்டு, சுற்றிலும் மாடுகள் மேய்கிற புல்வெளி. விருந்தினரைக் கவனிக்கிற வயதான துறவி வாசலுக்கே வந்தார். நீள அங்கிக்குக் கீழே ரப்பர் பூட்ஸ். மாட்டுப் பட்டியிலிருந்து நேரே வந்திருக்கிறார். கை கொடுத்து வரவேற்றுவிட்டு, ஒரே ஒரு விதி சொன்னார். சாப்பாட்டு அறையில் பேசக் கூடாது. மணி அடித்து உள்ளே போனால், மறுபடி மணி அடித்து வெளியே வரும்வரை மௌனம்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டம் உள்ள இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற பூரிப்பு.

உள்ளே நீளமான மேசை. நாலைந்து துறவிகள், வேறு சில விருந்தினர், நாங்கள். கரண்டி படுகிற சத்தம் மட்டும். தமிழர் ஐந்து பேர் ஒரு மேசையில் இருந்து சத்தமில்லாமல் சாப்பிட்டதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை.

சூப்பை ஒரு வாய் வைத்தார் அண்ணா. முகம் சுருங்கியது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. மச்சாள் கைப்பையைத் திறந்து தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை எடுத்தார். அது கைக்குக் கை மாறி, கடைசியில் இவர் முன்னால் போய் நின்றது.

அண்ணா போத்தலைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். எக்ஸ்சேஞ்ச் பூட்டியாகிவிட்டது, ஐயா. நான் என்ன செய்ய?

அண்ணா மேசையில் மெல்லத் தட்டினார். இவர் நிமிர்ந்தார். அண்ணா விரலால் போத்தலைக் காட்டினார். இவர் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, கரண்டியையும் போட்டு, எட்டி அண்ணா முன்னால் வைத்தார்.

இரண்டு வருடத்தில் முதல் தடவை! நான் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அண்ணா ஊறுகாயைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த அறையே அதிரும்படி —

“மச்சான், பிள்ளைக்குக் கலியாணம். நீ வரவேணும்!”

கரண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. துறவிகள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். தர்ஷினி மேசைக்குக் கீழே என் கையை நசுக்கினாள்.

இவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? உதட்டில் விரலை வைத்து, “உஷ்” காட்டினார்!

அண்ணாவின் முகம் செத்துப்போனது. வாயைத் திறந்து கேட்டாகிவிட்டது, பதில் இல்லை. மாட்டேன் என்கிறாரா, பேசாதே என்கிறாரா? இவரோ ஒரு ஆப்பிளை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினார். அவ்வளவு மெதுவாக ஒரு மனுசன் ஆப்பிள் தின்று நான் பார்த்ததில்லை. சட்டத்தோடு கலியாணம் கட்டியவர் என்னை ஏன் கட்டினார் என்று மனதுக்குள் குமுறினேன்.

ஒருவழியாக மணி அடித்தது. வெளியே வந்தோம். துறவி தர்ஷினியிடம் ஓடி வந்தார். ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். என் கலியாணத்துக்கு அப்பா மாமாவைக் கூப்பிட்டார் என்றாள் அவள், அழாத குறையாக. துறவியின் புருவம் உயர்ந்தது. “அப்படியா? அவர் என்ன சொன்னார்?”

எல்லோரும் இவரைப் பார்த்தோம். துறவியும் பார்த்தார்.

“சொன்னது சரி. சொன்ன இடம் பிழை” என்றார் இவர் அண்ணாவிடம், நேருக்கு நேர். “மனுசியையும் கூட்டிக்கொண்டு முறையா வீட்டை வந்து சொல்லு. வெள்ளிக்கிழமை பின்னேரம் வா.”

“கதவு திறப்பியோ?” அண்ணாவின் குரல் உடைந்துவிட்டது.

“நீ வந்து தட்டுவியோ எண்டுதானே ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், விசரா!”

அண்ணா அழுதார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தர்ஷினி மொழிபெயர்த்துச் சொல்ல, துறவியும் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் வரட்டும் என்று தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், வாசல்கள்தான் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை வெள்ளித்தட்டோடு வந்தார்கள். அண்ணா சொன்னார். இவர் “ஓம், வாறம்” என்றார். ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் எனக்குத்தான். மடத்திலிருந்து திரும்புகிற வழியில் இரண்டு பேரும் கடைசி வரிசையில் ஒன்றாக ஏறி இருந்து, அந்தப் பொங்கல் வழக்கைத் தொடக்கத்திலிருந்து மறுபடி விசாரித்தார்கள். இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் போனில் தொடர்கிறது. இதை எழுத ஒரு மூலை கிடைக்காமல் குளியலறையில் வந்து இருக்கிறேன்...

அந்த மடத்தில் பெண்களையும் சேர்ப்பார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி தர்ஷினியிடம் கேட்டிருக்கிறேன்.