நாலாவது கலங்கரை விளக்கு

ராயபுரத்து ஜெரால்டுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது கால் ஆடும். கோயிலில் பூசை நடக்கும்போது முழங்காலில் நின்றபடியே விரல் தாளம் போடும். இத்தனை பரபரப்பும் எதற்கு என்று கேட்டால், அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான். முப்பத்துநாலு வயதில் தானாக யோசித்துச் செய்த காரியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அவனைப் பெற்றவளே திருதிருவென்று முழிப்பாள். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய அதே பைக், அதே நிறத்தில். எதிர்வீட்டுப் பச்சைதான் இவன் வீட்டுச் சுவரிலும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நண்பனின் விடுப்புக் கடிதத்தைப் பார்த்து எழுதி, 'என் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு' என்று மேலாளரிடம் நீட்டினான். இவனுக்குத் தங்கையே கிடையாது. ஈயடிச்சான் காப்பி என்று சும்மாவா சொன்னார்கள்!

பார்க்கும் வேலையும் அப்படித்தான் வாய்த்தது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். கையிலிருக்கும் பட்டியலில் உள்ள எண்ணும் கன்டெய்னரின் மேலிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கன்டெய்னரை நிறுத்திவைப்பார்கள். பட்டியலில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் இதையே செய்தவனுக்கு, எழுதி வந்த பட்டியல் எதுவானாலும் வேதவாக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் திருவொற்றியூரில் இருப்பான். அங்கே ஒரு செல்போன் கடையின் மாடியில் கருணாகரன் நடத்தும் கூடத்தில் கார்டு ஆட்டம். சீட்டுக்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள், காசு வைத்து ஆடுவதில்லை. இது படம் போட்ட கார்டுகளால் நடக்கும் கப்பல் சண்டை. ஆயிரத்துக்கு மேல் கார்டுகள் உண்டு. அவற்றிலிருந்து அறுபதைப் பொறுக்கி அவரவர் ஒரு கட்டுச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு டெக் என்று பேர். ஒரே கார்டை நாலுக்கு மேல் வைக்கக் கூடாது. எந்த அறுபதை வைப்பது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். அந்தப் பாதியை ஜெரால்ட் ஆடியதே இல்லை. எந்த ஊரில் போட்டி நடந்தாலும் ஜெயித்தவனின் டெக்கை இணையத்தில் போட்டுவிடுவார்கள். இவன் அதை அப்படியே அடுக்கிக்கொண்டு வருவான். அடுத்த வாரம் வேறொருவன் ஜெயித்தால் இவன் கையிலும் வேறு டெக். எதிலும் ஒரு மாதம் நிலைத்ததில்லை.

"இன்னா ஜெராக்ஸு, இந்த வாரம் எவன் மூள?" என்று கருணாகரன் படியிலேயே கேட்பான்.

ஜெரால்ட் சிரித்து வைப்பான். உள்ளே எரியும். கூடத்தில் முக்கால்வாசிப் பேர் காப்பியடிக்கிறார்கள், பேர் மட்டும் எனக்கா என்று எரியும். அந்தப் பேர் போக அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஜூலையில் இதே கூடத்தில் நடக்கும் மண்டலப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தவர் பெங்களூருக்குப் போய் அகில இந்தியப் போட்டியில் ஆடலாம். பெங்களூர் போனவனை எவன் ஜெராக்ஸ் என்பான்? மூன்று வருடமாக அரையிறுதி வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான்.

மே மாதம் கொச்சியில் 'உப்புக்காத்து' என்ற புனைபெயரில் யாரோ ஜெயித்தார்கள். அந்த டெக்கைப் பார்த்ததும் ஜெரால்டுக்கு மூச்சு நின்றது. அவ்வளவு கச்சிதம். ஒரே ஓர் இடம்தான் உதைத்தது. கலங்கரை விளக்கு என்று ஒரு கார்டு, மூழ்கிய கப்பலை மேலே தூக்கும். யாராயிருந்தாலும் நாலு வைப்பார்கள். இந்தப் பட்டியலில் மூன்றுதான். நாலாவதின் இடத்தில் பழைய படகோட்டி. அந்தக் கிழவனால் ஆகும் ஒரே காரியம், தன் கட்டிலிருந்து அடுத்து என்ன கார்டு வரப்போகிறது என்று எட்டிப் பார்ப்பது. எட்டிப் பார்த்து என்ன புண்ணியம்! ஆனால் இணையத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று ஒருவன் நாலு பக்கம் எழுதியிருந்தான்.

பழைய டெக்குகளுக்காக வாங்கிய கலங்கரை விளக்கு நாலும் அவனிடம் இருந்தது. ஜெரால்ட் மூன்றையும் அந்தப் படகோட்டியையும் டெக்கில் வைத்து, நாலாவதை பிஸ்கட் டப்பாவில் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரேச்சல் பார்த்தாள்.

"இத்த ஏன்யா தனியா போட்ட? நல்லது இல்லியா?"

"சூப்பர் கார்டு."

"அப்போ அந்தக் கெழவன எட்த்துட்டு இத்த சொருவேன்."

"லிஸ்ட்ல இல்ல."

"லிஸ்ட்டு போட்டவன் இன்னா போப்பாண்டவரா?" என்று கேட்டுவிட்டு இறால் தட்டோடு எழுந்து போனாள்.

அன்று பிடித்த பேஜார் இரண்டு மாதம் விடவில்லை. பழகும்போது படகோட்டி கைக்கு வந்த நேரமெல்லாம் தண்டமாகத்தான் வந்தது. அவனாலேயே இரண்டு ஆட்டம் போனது. ஆனாலும் ஜெரால்ட் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டான். ஜெயித்தவன் காரணமில்லாமலா வைத்திருப்பான், நமக்குத்தான் மூளை போதவில்லை. யார்டில் எண் பார்க்கும்போதும், மணலி டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் பைக்கோடு மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் அதே யோசனை. பாவம், அவன் நிம்மதியாக ஒரு டீ குடிக்கவில்லை.

போட்டி நாள் காலையில் டெக்கின் பட்டியலைக் கருணாகரனிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மாற்ற முடியாது. ஜெரால்ட் டப்பாவைத் திறந்தான். ஒரு கையில் நாலாவது கலங்கரை விளக்கு, இன்னொரு கையில் படகோட்டி.

"எது மாமு? சீக்கிரம் சொல்லு, பின்னால ஆளு நிக்கிது," என்றான் கருணாகரன்.

ஜெரால்ட் கலங்கரை விளக்கை டப்பாவில் வைத்து மூடினான். காகிதத்தில் 'பழைய படகோட்டி – ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அன்று அவன் ஆடிய ஆட்டம் நிஜமாகவே நல்ல ஆட்டம். முதல் முறையாக இறுதிக்கு வந்தான். எதிரே பெனிஷா. எண்ணூர்ப் பெண், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இந்தக் கூடத்துக்குப் புதுசு. இரண்டு கார்டு இறங்கியதுமே தெரிந்துவிட்டது, அவளிடமும் அதே டெக். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு ஜெராக்ஸு!"

ஆளுக்கொன்று ஜெயித்து மூன்றாவது ஆட்டம். இருவரின் பெரிய கப்பலும் மூழ்கிக் கிடந்தது. முதலில் தூக்குகிறவருக்குத்தான் பெங்களூர். ஜெரால்டின் முறை. கட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். படகோட்டி. சூட்சுமம் இப்போது வெளிப்படும் என்று கிழவனை இறக்கினான். அடுத்த கார்டை எட்டிப் பார்த்தான். கலங்கரை விளக்கு! அவள் ஒருமுறை ஆடி முடித்தால் போதும், அடுத்து இவன் கைக்கு வந்துவிடும். அவளுடைய மூன்று கலங்கரை விளக்குகளும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. இவன் விடாமல் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான், எண்ணுவதுதானே தொழில். இனி அவளிடம் இல்லை. அப்பாடா, சூட்சுமம் இதுதானா என்று அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பெனிஷா ஒரு கார்டை எடுத்தாள், பார்த்தாள், மேசையில் வைத்தாள். கலங்கரை விளக்கு.

"இது எப்டி? மூணுதான் கீது!" ஜெரால்ட் எழுந்தேவிட்டான். "கருணா, லிஸ்ட்ட பாரு. மூணுதான்."

கருணாகரன் அவள் காலையில் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பார்த்தான். "நாலுன்னுதான் எழுதிக்கீது, மாமு."

"கொச்சி லிஸ்ட்ல மூணு. ஒரு படகோட்டி. எனக்கு மனப்பாடம்."

"கொச்சில ஆடுனதே நான்தாண்ணா," என்றாள் பெனிஷா. "அப்போ என்னாண்ட மூணுதான் இருந்துச்சு. அறுபது வரணுமில்ல, கைல கெடச்சத சொருவினேன். அப்புறம் இந்த நாலாவதுக்கு ஒரு மாசம் அலைஞ்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "நீங்களும் கெடைக்காமதான் கெழவன வெச்சீங்களா?"

ஜெரால்ட் மெல்ல உட்கார்ந்தான். கருணாகரனின் பார்வை மேசைக்கடியில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. எதையாவது சொல்லிக் கிண்டல் செய்யக்கூடியவன்தான், அன்றைக்குக் குனிந்து மேசையில் கிடந்த கார்டுகளை அடுக்கத் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் ரேச்சல் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சோறு போட்டாள். அவன் பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"லிஸ்ட்டு போட்ட ஆளப் பாத்தேன்," என்றான்.

"யாரு, போப்பாண்டவரா?"

"எண்ணூர்ப் பொண்ணு. அவகிட்ட கார்டு இல்ல, அதான் கெழவன வெச்சிருக்கா." தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்கிட்ட இருந்துச்சு, ரேச்சல்."