அசையக் கூடாத பொம்மைகள் நடந்த மாலை

கொலு பொம்மைகள் ஒருமுறை படியேறிவிட்டால் அசையக் கூடாது. நவராத்திரி முடிந்து, கடைசி இரவில் மரப்பாச்சி ராஜாவைப் படுக்க வைத்தால்தான் கொலு முடிந்தது என்று அர்த்தம். ஆனால் பெட்டியிலிருந்து இறங்கி, இன்னும் படியேறாமல், கூடத்துத் தரையில் அவை கும்பலாகக் காத்திருக்கும் ஒரு மாலை உண்டு. வருஷத்தில் அந்த ஒரு மாலை அவை எங்களுடையவை. நடந்தன, ஓடின, வெட்டிக்கொண்டன, செத்தன.

லேக் கார்டன்ஸில் அப்பாவின் ஆபீஸ் கொடுத்த ஃப்ளாட். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் ஒன்று. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினான்கு. மாடி வீட்டு வங்காளிப் பையன் டுக்காய்தாவுக்கு அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்திருந்தார். கற்பனை வீரர்களாக மாறி, பாதாளக் குகைகளில் அரக்கர்களோடு மோதும் ஆட்டம். நானும் அக்காவும் வீரர்கள். அரக்கர்களும் சட்டமும் விதியும் டுக்காய்தாவின் கையில். பகடைக்குப் பதில் பிஸ்கட் டப்பாவில் குலுக்கிய எண் சீட்டுகள்.

மந்திரமும் வாளும் என்னை மயக்கவில்லை. மயக்கியது நடை. யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்று அந்தப் புத்தகம் விதித்திருந்த விதம்! எங்கள் மொசைக் தரையின் சதுரங்கள்தான் உலகம். கவசம் போட்டவன் மெதுவாகப் போவான், திருடன் தாவுவான். குறுக்கே போனால் தூரம் கூடும். தண்ணீரில் ஒரு கட்டம் இரண்டு கட்டமாகும். முழங்கால் மழைநீரில் பள்ளிக்கூடம் போய் வந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இவை எல்லாவற்றையும் விட அழகான விதி ஒன்று இருந்தது. எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிற வரை நீ அவன் பிடியில் இருக்கிறாய். சட்டென்று விலகி ஓடினால் அவனுக்கு ஓர் இலவச அடி. ஆனால் சுற்றுக்கு ஒன்றுதான். அடிக்க வேண்டாம், ஓட வேண்டாம், ஒரே ஒரு கட்டம் பின்வாங்குகிறேன் என்றால் அந்த அடியும் இல்லை. நெருங்குவது சுலபம், விலகுவதற்குத்தான் விலை. எந்த மகானுபாவன் யோசித்தானோ, இன்றைக்கும் அவன் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

அன்றைய அரக்கன், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. அக்காவின் வீரன் அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த மரப்பாச்சி ராஜா. என் திருடன் ஒரு பாம்பாட்டி, மகுடியின் நுனி உடைந்தவன். செத்தவர்கள் அந்தப் பூஜை விடுமுறை முழுக்க வேடிக்கைதான் பார்க்க வேண்டும் என்பது டுக்காய்தாவின் சொந்தச் சட்டம். என் பாம்பாட்டிக்கு இன்னும் ஓர் அடி தாங்காது. அரக்கன் எங்கள் இருவருக்கும் பக்கத்தில் நின்றான். நான் ஒரு கட்டம் பின்வாங்கினாலும் அடுத்த முறை எட்டிப் பிடித்துவிடுவான். குகை வாசலோ டிரங்குப் பெட்டிக்கு அருகில், நான் முழுதாக ஓடினால் மட்டுமே எட்டும் தூரத்தில். நான் மூக்கை உறிஞ்சினேன்.

"அழுமூஞ்சி, இப்பவே ஆரம்பிக்காதே," என்றாள் அக்கா.

அவள் முறை. ராஜாவுக்கும் உயிர் கொஞ்சம்தான் பாக்கி. அவள் அவனைத் தூக்கி, அரக்கன் முன்னாலேயே நேராக நடத்தினாள்.

"நில்லு, நில்லு!" டுக்காய்தா வங்காளியில் பதறினான். "அடி விழும். ஒரு கட்டம் பின்னால போ, போதும்."

"தெரியும். போறேன்."

அரக்கனின் தலை ஆடியது. டுக்காய்தா சீட்டு எடுத்தான். பெரிய எண். "மரே கேச்சே," என்று வருத்தமாக அறிவித்து, செத்துப்போன ராஜாவைத் தரையில் மல்லாத்தினான். அடுத்து என் முறை. அரக்கனின் இலவச அடி தீர்ந்திருந்தது. என் பாம்பாட்டி அவன் மூக்குக்குக் கீழே ஓடி வாசலைத் தாண்டினான். நான் எழுந்து குதித்தேன்.

குதித்த சத்தத்துக்கு அம்மா வந்தாள், படிகளில் விரிக்க வேண்டிய வெள்ளை வேட்டி கையில். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது, படுத்துக் கிடந்த ராஜா.

"யாருடி இதைப் படுக்க வச்சது? கொலு ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள முடிச்சு வச்சுட்டேளா?"

டுக்காய்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எந்த மொழியிலும் புரியும். காலையிலேயே அம்மா எச்சரித்திருந்தாள்: இன்னொரு தகராறு வந்தால் அந்தப் புத்தகம் வீட்டு வாசலை மிதிக்காது. அவன் முகம் வெளுத்து, "மாஷிமா, ஆமி..." என்று தானே ஒப்புக்கொள்ள எழுந்தான்.

அவனுக்கு முன்னால் அக்கா ஓரடி வைத்தாள். "நான்தாம்மா. நான்தான் படுக்க வச்சேன்."

அம்மாவின் கோபம் பால் பொங்குகிற மாதிரி. ஒரே பொங்கு, யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்கள் மேல். வயசுக்கு வந்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது, அபசகுனம், இனி இந்த ஆட்டத்தைத் தொட்டால் தெரியும், லீவு முடிகிற வரை கொலுவுக்குப் பூ தொடுத்துக்கொண்டு உட்கார். அவ்வளவுதான், அடங்கிவிட்டது. எங்கள் பக்கம் திரும்பியபோது அவளிடம் எதுவும் மிச்சமில்லை. "அந்தப் பிள்ளையை சுண்டலுக்கு வரச் சொல்லு," என்றாள் என்னிடம்.

அந்த விடுமுறை முழுக்க நானும் டுக்காய்தாவும் கேரம் காய்களை வீரர்களாக்கி ஆடினோம். தெருமுனைப் பூஜைப் பந்தலில் தாக் மேளம் முழங்கியது. அக்கா கொலுப்படி ஓரத்தில் உட்கார்ந்து, நூலை வாயில் கவ்விக்கொண்டு பூ தொடுத்தாள். என் திருடன் எங்காவது மாட்டிக்கொண்டால் மட்டும் அவள் விரல்கள் நின்றன.

"உன் தீதிக்குக் கட்டம் எண்ணவே வராது," என்றான் டுக்காய்தா ஒருநாள். "ஒரு கட்டம் பின்னால போயிருந்தா ராஜா பிழைச்சிருப்பான்."

"விதியை எத்தனை தடவை படிச்சுக் காட்டினாலும் அவளுக்கு ஏறாது," என்று நானும் பெருமூச்சு விட்டேன். அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு விதியும் எனக்கு மனப்பாடம்.

அக்காவுக்குக் கேட்டிருக்கும். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"உன் திருடன் இன்னும் உயிரோடதானே இருக்கான்? ஆடு."